கோப்பன்ஹேகனில் மூன்று தள்ளுவண்டில்கள்

கோப்பன்ஹேகன்,
செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஏழு மணி.

என் அன்புக்குரிய கணவர் அருமைராசா அவர்களுக்கு,

உங்கள் யோசெப்பின் கடல் கடந்து வந்து எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நான் பத்திரமாக வந்து இறங்கிவிட்டேன். அதே கிருபையால் நீங்களும் பிறஷர்க் குளிசையை மறக்காமல் போட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இருக்கும் மீன்குழம்பை முதலிலும் கீழ்த்தட்டில் இருக்கும் பருப்பைப் பிறகும் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரெலிபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். ரெலிபோனில் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் நீங்கள் "சீனி எங்கை வைச்சனீர்?" என்று கேட்பீர்கள். இன்றைக்கு நடந்ததை யாரும் குறுக்கே பேசாமல் சொல்லி முடிக்க வேண்டும். இந்தத் தாள்களை மாதுரி படம் பிடித்து உங்கள் ஃபோனுக்கு அனுப்புவாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கி வாசியுங்கள்.

மாதுரி என்பது என்னுடன் படிக்கிற பிள்ளை. எங்கள் ஊர் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் வீடு, தாய் தகப்பன் சென்னைப் பக்கம். இருபது வயது. என்னுடன் படிக்கிற எட்டுப் பேருக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். நான் ஒருத்திதான் ஐம்பத்து மூன்று. கார்டெரியில் பதினேழு வருடம், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்து மூக்குத் துடைத்த எனக்கு, எப்படித் துடைப்பது என்று படித்துப் பட்டம் எடுத்தால்தான் இனி வேலை என்று எங்கள் பொறுப்பாளர் சொன்னதால் வந்த வினை இது. இங்கே குழந்தைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று ஒரு கிழமை பார்க்க, ஆசிரியை மடாம் லுசி எங்கள் ஒன்பது பேரையும் கூட்டி வந்திருக்கிறா. இன்றைக்கு முதல் நாள், பாடம் ஒன்றும் இல்லை, எல்லோரும் சேர்ந்து ஊரைச் சுற்றிப் பாருங்கள், ஐந்து மணிக்கு நகரசபைக்கு முன்னால் வந்து நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

நான் விமான நிலையத்தில் தொடங்கி ஒவ்வொரு சந்தியிலும் அவர்களை எண்ணிக்கொண்டே வந்தேன். பழக்கதோஷம். கார்டெரியில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும்போது ஒரு நீளக் கயிற்றைப் பிடிக்கச் சொல்வோம் அல்லவா, அந்தக் கயிறு ஒன்றுதான் குறை. எண்ணிக்கொண்டு நின்ற இடம் நடைபாதை என்றுதான் நினைத்தேன். பார்த்தால் நூறு சைக்கிள் வருகிறது, எல்லோரும் என்னைப் பார்த்து மணி அடிக்கிறார்கள். வந்த ஊரில் மரியாதை தருகிறார்கள் என்று நானும் கையை ஆட்டினேன். "ஆன்ட்டி, அது சைக்கிள் போற வழி, இந்தப் பக்கம் வாங்க" என்று மாதுரி என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் லக்ஷன், பக்கத்தில் நின்ற பெட்டையிடம் பிரெஞ்சில் சொன்னான், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது என்று. லக்ஷனின் தாய் தகப்பன் யாழ்ப்பாணம், பிள்ளை முழுப் பிரெஞ்சு. தமிழ் தெரியாது என்று வகுப்புத் தொடங்கிய நாளே என்னிடம் சொன்னவன். பிரெஞ்சு எனக்கு விளங்காது என்று யார் அவனுக்குச் சொன்னார்களோ. பதினேழு வருடமாக நான் என்ன, சிங்களத்திலா மூக்குத் துடைத்தேன்? ஒன்றும் கேட்காதது போல நடந்தேன். ஆனால் நடையைக் குறைத்துக்கொண்டேன்.

அப்படிக் கொஞ்சம் பின்தங்கி நடந்தபோதுதான் கண்டேன். ஒரு கோப்பிக் கடை, வெளிச் சுவரோரம் வரிசையாக மூன்று தள்ளுவண்டில்கள். பக்கத்தில் காவலுக்கு ஒரு ஆளும் இல்லை. பொம்மை விற்கிற கடையாக்கும் என்று எட்டிப் பார்த்தால், நடுவண்டில் பொம்மை கொட்டாவி விட்டது. மூன்றும் உயிருள்ள குழந்தைகள். சித்திரை மாதமென்றாலும் கடற்காற்று காதை அறுக்கிறது, சனம் பேசிச் சிரித்துக்கொண்டு கடந்துபோகிறது. "பிள்ளையள், நில்லுங்கோ" என்று கூப்பிட்டேன். எட்டுப் பேரும் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு மூலை திரும்பிவிட்டார்கள். அந்த எட்டுப் பேர் வளர்ந்தவர்கள், இந்த மூன்று பேர் பல்லு முளைக்காதவர்கள். நீங்களாக இருந்தால் யாரோடு நிற்பீர்கள்?

நான் நின்றேன். கடைக்குள் போய் விசாரிக்கலாம், ஆனால் நான் உள்ளே போகிற நேரம் யாராவது தூக்கிக்கொண்டு போனால்? ரெலிபோன் மாதுரியின் பையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் குழந்தைகளை வெளிக்காற்றில் தூங்க விடுவது வழக்கம் என்று மடாம் லுசி ஒரு பாடமே நடத்தினாவாம். அன்றைக்குத்தான் நான் வகுப்புக்குப் போகவில்லை, உங்களுக்குப் பல்லுப் பிடுங்கிய நாள். ஆகவே ஒரு மணி நேரம் காவல் நின்றேன். கிட்ட வந்தவர்களையெல்லாம் முறைத்தேன். கடைசியில் நடுப்பிள்ளை முழித்துச் சிணுங்கி, பிறகு ஓங்கி அழுதது. வண்டிலை ஆட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. தூக்கினேன். தூக்கியதும் தலையை என் தோளில் வைத்துவிட்டது. கோயில் பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்ட நான், நடுத்தெருவில் நின்று தாலாட்டுப் பாடினேன்.

கையில் கோப்பிக் கோப்பையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். நெட்டையான பிள்ளை, முப்பது வயது இருக்கும். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவளின் பிள்ளையை வைத்துக்கொண்டு அவளையே கேட்டேன். "நான் இவளின் அம்மா" என்றாள். அடையாள அட்டை காட்டுங்கள் என்று கேட்க வாய் உன்னியது, கார்டெரிப் பழக்கம். அவள் கோபிக்கவில்லை. "உங்களுக்குத் தொந்தரவு தந்துவிட்டாளா?" என்று கேட்டாள். வெளியே தூங்கினால் நன்றாகத் தூங்குவார்கள், சளி பிடிக்காது, நாங்கள் மூன்று தாய்மாரும் தினமும் இங்கே வருகிறோம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

"யாராவது தூக்கிக்கொண்டு போனால்?" என்றேன்.

"யார் தூக்குவார்கள்?" என்றாள்.

இரண்டு பேரும் குழந்தை இருந்த கையைப் பார்த்தோம். அது என்னுடைய கை. அவள்தான் முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. குழந்தையைக் கொடுத்தேன். கொடுத்த பிறகு தோளில் அது கிடந்த இடம் குளிர்ந்தது.

அந்த நேரம் எட்டுப் பேரும் ஓடி வந்தார்கள். முன்னால் லக்ஷன், முகமெல்லாம் சிவந்து, கண் கலங்கி. "ஆன்ட்டி, எங்கை போனனீங்கள்?" என்றான். தமிழ் தெரியாத பிள்ளை.

"நான் ஒரு இடமும் போகேல்லை. நீங்கள்தான் போனியள்."

"ஒரு மணி நேரமா தேடறோம் ஆன்ட்டி" என்று மாதுரி விசும்பினாள். "போலீஸ்காரர்கிட்டகூட சொல்லிட்டோம்."

கால்வாயில் படகுப் பயணம் போவதற்கு அவர்கள் முன்பதிவு செய்திருந்தார்களாம். படகு போய்விட்டது. ஐந்து மணிக்கு நகரசபைக்கு முன்னால் மடாம் லுசி, இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டா. எட்டுப் பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: மடாம் யோசெப்பினைத் தேடினோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நிலம் பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது.

ஆகவே அறைக்கு வந்து யோசித்து ஒரு முடிவெடுத்திருக்கிறேன். விமான நிலையத்தில் நீங்கள், "இந்த வயசிலை உமக்கேன் இந்த அலைச்சல்?" என்று கேட்டீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். நீங்கள் சொன்னது சரி. சின்னப் பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு நடுவில் நான் ஏன் கல்லாக நிற்பான்? மகன் றஜிந்தனிடம் சொல்லி என் ரிக்கெற்றை வெள்ளிக்கிழமைக்கு மாற்றுங்கள். படிப்பும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். செப்டெம்பருக்குப் பிறகு கார்டெரியில் வேலை இல்லை என்றால் வீட்டில் இருந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். இனி என் வாழ்நாளில் ஒரு தள்ளுவண்டில் பக்கம் போகமாட்டேன், இது சத்தியம்.

மகள் ஷெரோனுக்கு என் முத்தம். மேல்வீட்டுப் பிலோமினம்மாவுக்கு நான் சுகமாய் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தைச் சொன்னால் ஞாயிறு பூசைக்குள் கோயில் பங்கு முழுக்கப் பரவிவிடும். புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போகும்போது கழுத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு போங்கள். நான் இல்லாத வீட்டில் வானத்துச் சம்மனசுகள் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை இனித் தட்டாத
யோசெப்பின்

பி.கு: றஜிந்தனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டால், சொன்னதைத் திரும்ப வாங்குங்கள். படம் பிடிக்க மாதுரியைக் கூப்பிடப் போகையில் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். உள்ளே ஒரு சின்னக் காலுறை, மஞ்சள் வாத்துப் போட்டது. தாலாட்டும்போது கழன்றதை நான்தான் பத்திரப்படுத்தியிருக்கிறேன். "புள்ளைய விட்டுட்டு சாக்ஸை கடத்திட்டீங்களா ஆன்ட்டி?" என்று மாதுரி போட்ட சத்தத்தில் எட்டுப் பேரும் என் அறைக்குள் வந்துவிட்டார்கள். கட்டிலில் உருண்டு சிரிக்கிறார்கள். லக்ஷன் சொல்கிறான், "நாளைக்கு எல்லாரும் போய்க் குடுப்பம். நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ, நாங்கள் பின்னாலை வாறம்." நாளைக்கு அந்தப் பிள்ளை வராவிட்டால் நாளை மறுநாளும் போக வேண்டும். ஒரு குழந்தை இந்தக் குளிரில் ஒற்றைக் காலுறையோடு கிடக்க, நான் எப்படி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவது? நீங்களே சொல்லுங்கள். படிப்பைப் பற்றி மேலே இருப்பதை வேறு யாரோ எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.