நூற்று இருபத்தேழாம் நம்பர்

மயில்சாமி தன் வாழ்நாளில் மூன்றே மூன்று தீர்மானங்கள் எடுத்திருந்தார். முதல் இரண்டையும் அவர் மனைவி ஜெயபாரதி அன்றன்றைக்கே தள்ளுபடி செய்துவிட்டாள். மூன்றாவதில் மட்டும் மனிதர் உறுதியாக நின்றார். வானமே இடிந்து விழுந்தாலும் முன்னறையில் இருக்கும் கீபோர்டு அங்கேயேதான் இருக்கும்!

பகலெல்லாம் அவருக்குப் பனியன் கம்பெனியில் துணி செக்கிங். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஓட்டை தேடுகிற வேலை. சாயங்காலம் நல்லூர் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு ஓவர்லாக் மிஷின்கள் ஓய்ந்ததும், கீபோர்டில் நூற்று இருபத்து மூன்றாம் நம்பரை வைத்து ஒரு கட்டையை அமுக்குவார். கடல் அலை கேட்கும். திருப்பூரில் கடல்! முன்னறைச் சுவர் மெல்ல விலகும். சிமென்ட் தரையில் மணல் பரவும். கால் விரல்களுக்கு நடுவே தண்ணீர் வந்து வந்து போகும். எழுபத்து நான்கை வைத்தால் புல்லாங்குழல். அமராவதி அணைமேல் மேகம் இறங்கி வர, அதன் கீழே மயில்சாமி தனியாக உட்கார்ந்திருப்பார். உள்ளே குக்கர் ஏழாவது விசில் அடித்தால்கூட, இது எந்த நம்பர் என்றுதான் யோசிப்பார்.

ஜெயபாரதிக்கும் ஒரு கனவு இருந்தது. அடுத்த தெருவில் ஒருவரிடம் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் ஓட்டுகிறாள். சொந்தமாக ஒரு மிஷின் வாங்கி முன்னறையில் போட வேண்டும். மிஷினும் கீபோர்டும் சேர்ந்து குடித்தனம் பண்ண அந்த அறையில் இடம் கிடையாது.

“ஏனுங்க, இதை வாசிச்சு இதுவரைக்கும் ஒரு ஆளாவது கை தட்டியிருக்காங்களா?”

“கைதட்டலை வெச்சா கலைய அளக்கறது?”

“சரீங்க. எந்தம்பி முருகேஷு நிச்சயத்துல வாசிங்க. கைதட்டு விழுந்துச்சுன்னா கீபோர்டு இங்கயே இருக்கட்டும். விழலீன்னா மிஷினு.”

மயில்சாமி கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். “கைதட்டற சத்தம் கேட்டாப் போதுமா?”

“கேட்டாப் போதுமுங்க.”

அந்த நிமிஷமே அவர் தலைக்குள் ஒரு திட்டம் உட்கார்ந்துவிட்டது. மூன்று மாதம் பாடுபட்டுச் சொந்தமாக ஒரு மெட்டுக் கட்டினார். வாசிப்பது அவரேதான். வாத்தியத்தை மாற்றுகிற வேலையை மட்டும் லேப்டாப் பார்த்துக்கொள்ளும். எந்த இடத்தில் எந்த நம்பர் என்று வரிசையாக எழுதி வைத்துவிட்டால், நேரம் வந்ததும் அது வயர் வழியாகக் கீபோர்டுக்கு உத்தரவு போடும். இதற்கு மிடி என்று பெயர். எழுபத்து நான்கு போனால் புல்லாங்குழல், நாற்பத்தொன்று போனால் வயலின், நூற்றுப் பன்னிரண்டு போனால் ஷெனாய். கடைசி வரியில் நூற்று இருபத்தேழு என்று போட்டு வைத்தார். அவருடைய கீபோர்டில் நூற்று இருபத்தேழு என்றால் ஒரு மண்டபமே கைதட்டுகிற சத்தம்.

திட்டத்தைப் போட்டவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காபி கொண்டுவந்த ஜெயபாரதி, “நம்பர் அனுப்புனா எப்படீங்க சத்தம் மாறுது?” என்று கேட்டாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் அவரிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. மயில்சாமி குளிர்ந்துபோனார்.

“ஒரு நம்பர் இல்ல பாரதி, ரெண்டு. மொதல்ல பேங்க் நம்பர். எந்த அலமாரின்னு அது சொல்லும். அப்புறம் புரோகிராம் நம்பர். அந்த அலமாரியில எத்தனாவது சாமான்னு இது சொல்லும். இப்பப் பாரு.” கட்டையை அமுக்கினார். கடல் வந்தது. “பேங்க்க ஒண்ணுன்னு மாத்திட்டேன். என்ன கேக்குது?”

“கடலுதானுங்க கேக்குது.”

“பேங்க் நம்பர் தனியா ஒண்ணுமே பண்ணாது. சும்மாக் காத்துக்கிட்டிருக்கும். இப்ப அதே நூத்தி இருபத்தி மூணை அனுப்பறேன்.”

மறுபடி அமுக்கினார். கடலைக் காணோம். மழை பெய்தது. நல்ல கனத்த மழை. ஜெயபாரதி மாடியில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்து எழுந்தே விட்டாள். பிறகு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மயில்சாமிக்கு அவள்மேல் அன்று நிஜமாகவே ஆசையாக இருந்தது.

“எங்க மிஷின்ல ஊசி நம்பர் மாதிரீங்க,” என்றாள் அவள். “டிசைன்ல மூணாம் ஊசின்னுதான் இருக்கும். மூணாம் ஊசியில பச்சை நூலைக் கோத்துட்டா ரோசாப்பூவும் பச்சையாத்தான் வரும்.”

‘பரவாயில்லை, ஓரளவுக்குப் புரிகிறது’ என்று நினைத்துக்கொண்டார் மயில்சாமி. கீபோர்டோடு வந்த நம்பர் புத்தகத்தையும் அவள் கையிலேயே கொடுத்தார். லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டுத்தான் தினமும் கம்பெனிக்குப் போனார்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஒருமுறை சரிபார்த்தார். எழுபத்து நான்கிலிருந்து நூற்று இருபத்தேழு வரை எல்லா நம்பரும் இருந்த இடத்திலேயே இருந்தன. நிம்மதியாகப் பல்லடம் மண்டபத்துக்குக் கிளம்பினார்.

அங்கே வாசிக்க ஆரம்பித்ததும் நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. புல்லாங்குழல் எழும்பியதும் பந்திக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வயலினுக்குக் குழந்தைகள் ஓட்டத்தை நிறுத்தின. வெளியே பஸ்கள் அடித்த ஹாரன்கூட எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது. மயில்சாமியின் விரல்கள் தாமாகவே நடந்தன. மேடைக்கடியில் தண்ணீர் ஓடுவதுபோல் இருந்தது அவருக்கு. ஷெனாய் இழைந்து அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, ஆயிரம் கைகளுக்காகக் கடைசிக் கட்டையை அமுக்கினார்.

பெட்டி சிரித்தது.

ஹெஹ்ஹெஹே என்று வயிறு குலுங்கச் சிரித்தது. மயில்சாமி விறைத்துப்போனார். விறைத்த விரல் கட்டையிலேயே நின்றுவிட்டது. விரலை எடுக்காததால் சிரிப்பும் ஓயவில்லை. முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் மண்டபமே சிரித்தது. பெண்ணின் அப்பா நாச்சிமுத்து மூன்று நாளாக மாப்பிள்ளை வீட்டாருக்கு முகமே கொடுக்கவில்லை; அவர்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எல்லோருக்கும் இரண்டு கையும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவே சரியாக இருந்தது. தட்ட ஒரு கையும் மிச்சமில்லை.

திரும்பும்போது வேனில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நம்பரு சரியாத்தான் இருந்துச்சு பாரதி. காத்தால கூடப் பாத்தேன்.”

“புரோகிராம் நம்பரு சரிதானுங்க. பேங்க்கப் பாத்தீங்களா?”

மயில்சாமி மெல்லத் திரும்பினார். “நீயா?”

“நூத்தி இருபத்தி ஏழுல பேங்க்க ஒண்ணாக்குனாச் சிரிப்புன்னு புஸ்தகத்துல போட்டிருந்துச்சுங்க. நான் பேங்க்க மட்டுந்தானுங்க மாத்தினேன். அது தனியா ஒண்ணுமே பண்ணாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அந்த நூத்தி இருபத்தி ஏழு நீங்க போட்டது.”

ஜன்னலுக்கு வெளியே விசைத்தறிக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முன்னறை கைவிட்டுப் போய்விட்டது. தன்னைத் தானே தேற்றிக்கொள்ளப் பார்த்தார்.

“போகட்டும் விடு. எப்படியும் ஒருத்தனும் தட்டியிருக்கப் போறதில்ல.”

“அதெப்படீங்க? அத்தன பேரும் தட்டறதுக்குக் கையத் தூக்கிட்டாங்க. நானே தூக்கிட்டனுங்க. அதுக்குள்ள உங்க பொட்டி சிரிச்சுப்போடுச்சு.”