கல்லறை லைலாக்

ஈஸ்டர் அன்று கோயிலில் ஊரார் முன்னிலையில் நிகோதிம் சபதம் செய்தான். இனி சாராயத்தைக் கையால் தொடுவதில்லை. மனைவி தோம்னிகா அன்றே பிளம் சாராயக் குடுவைகளை எல்லாம் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மிஞ்சியது ஜன்னலோரம் இருந்த ஒரே ஒரு புட்டி. போன வருஷத்து லைலாக் பூவைச் சாராயத்தில் ஊறப்போட்டு அவள் செய்த மூட்டுவலி மருந்து. காய்ச்சலுக்கு லைலாக் இலைக் கஷாயம், மூட்டுப் பிடித்தால் இந்தப் புட்டி. ஊரே அவளிடம்தான் வரும்.

நிகோதிமுக்கும் வலி வந்தது. முழங்காலுக்கான மருந்து முழுங்கலுக்குப் போனது. கையால் தொடவில்லை, நாணல் குழாயை விட்டு உறிஞ்சினான். சபதத்துக்குச் சேதமில்லை. குடித்துக் குறைந்த அளவுக்குப் புட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தான்.

ஒரு சாயங்காலம் மலையிலிருந்து மூடுபனி இறங்கி வேலியை மறைத்திருந்தது. தோம்னிகா புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பூ எங்க பறிச்சதுன்னு தெரியுமாங்க?"

"எங்க?"

"கிளிகோர் கல்லறைமேல."

கிளிகோர் அவளுடைய முதல் புருஷன். செத்துப் பல வருஷம் ஆகிறது. நிகோதிம் சோளக்களிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"வேற செடியே கிடைக்கலையா உனக்கு?"

"அந்த மண்ணுல வளர்ந்ததுக்கு வீரியம் ஜாஸ்தி. வெளியில தடவினா வலி போயிடும். உள்ள போச்சுன்னாத்தான்..."

"போச்சுன்னா?"

"அவரும் கூடவே உள்ள வந்துடுவாராம். நமக்கென்ன, நாம தடவத்தானே செய்யறோம்."

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. பூக்காலம் முடிந்தும், சாத்திய அறைக்குள் லைலாக் மணம் வந்தது. காலையில் வாசற்படியில் கிளிகோரின் பழைய தொப்பி கிடந்தது, பனியில் நனைந்து, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி. நிகோதிம் தண்ணீர்த் தொட்டியில் குனிந்தால் தன் முகத்தில் புருவம் மட்டும் வேறு யாருடையதோ போல் இருந்தது.

"கரண்டியை இடது கையால பிடிச்சிருக்கீங்க. அவரும் அப்படித்தான்" என்றாள் தோம்னிகா.

பார்த்தான். உண்மைதான். வலது கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததால்தான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"தூக்கத்துல சீட்டி அடிக்கிறீங்க."

"எனக்குச் சீட்டி அடிக்கவே வராதே."

"அதான் நானும் யோசிக்கிறேன்."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். யாராவது தெரியாம குடிச்சுட்டா, அவரை எப்படி வெளியில அனுப்பறது?"

"பாதியில விட்ட வேலையை முடிச்சுக் குடுத்தா போயிடுவாராம். பாவம், கூரைய விட்டுட்டுப் போனார். பன்றிக்கொட்டில் கதவு. கிணத்துச் சுவர்."

மறுநாளே நிகோதிம் கூரைமேல் ஏறினான். சுற்றிலும் பனி. ஆட்டம் காணும் அந்தப் பழைய ஏணி அன்று அசையவே இல்லை. கீழே யாரோ இறுகப் பிடித்திருப்பது போல நின்றது. குனிந்து பார்த்தான். ஒருவரும் இல்லை. பனிக்குள்ளிருந்து மெல்லிய சீட்டிச் சத்தம் மட்டும் வந்தது. அதன்பிறகு அவன் ஆணி அடித்த வேகத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

கதவும் சுவரும் முடிந்தன. கிளிகோரை முறையாக வழியனுப்பி வைக்க மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போனான். புல்லும் கல்லும்தான் இருந்தன. கோயில் பணியாள் துதோசே ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"லைலாக் செடி எங்கண்ணே? வெட்டிட்டீங்களா?"

"இருந்தாத்தானேப்பா வெட்ட. இங்க எதை வெச்சாலும் ஆடு தின்னுடும்."

"கிளிகோர் கூரைவேலையைப் பாதியில விட்டுட்டுப் போனாராமே?"

துதோசே சிரித்தார். "அவனா? ஆணிக்கும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு."

நிகோதிமுக்கு ரத்தம் கொதித்தது. அப்படியானால் சீட்டி அடித்தது யார் என்று ஒரு கணம் முதுகு சில்லிட்டது. கோபம் அதையும் தள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனான். அங்கே பாதிரியார் அங்கியைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். தோம்னிகா அவர் முழங்காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"கல்லறையில செடியே இல்லையாமே" என்றான் நிகோதிம்.

"இல்லையா? அப்ப நம்ம வேலியில பறிச்சதா இருக்கும், மறந்திருப்பேன்." அவள் தலை நிமிரவில்லை. "அதுக்கு ஏன் இவ்வளவு கோவம்? நீங்கதான் குடிக்கலையே?"

பாதிரியாரின் கண்கள் மெதுவாக அவன் பக்கம் திரும்பின.

"இல்ல" என்றான்.

"ரொம்ப சந்தோஷம்பா" என்றார் பாதிரியார். "உள்ள வரும்போதே உன் கூரையைப் பார்த்தேன். கோயில் கூரையும் ஒழுகுது."

தோம்னிகா கையைத் துடைத்துக்கொண்டு போய் ஆணிப் பெட்டியை எடுத்து வந்தாள்.