ஒற்றைப் பட்டன்

“ஆப்பின் பயன் போதாது” என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. வேன் அக்கா அதை மூன்று முறை படித்தாள்.

“யாருக்குப் போதாதாம்?”

“போன்ல ஆப் குடுக்கற கடைக்காரங்களுக்கு, அண்ணி” என்றாள் நாத்தனார். “ஒரே ஒரு பட்டன்தான் இருக்காம்.”

“ஏண்டி, காலிங் பெல்லுக்கு எத்தனை பட்டன் இருக்கு?”



வேன் அக்கா பத்தொன்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறவள். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு ஹாரன் அடிப்பாள். தெருக்காரர்கள் ஒன்றுகூடி, காலையில் ஹாரன் சத்தமே கேட்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஹாரன் நின்றதும் பிள்ளைகள் கிளம்புவதும் நின்றது. ஒருத்திக்குப் பாதிப் பின்னல், ஒருவனுக்கு ஒற்றை ஷூ. நாலு நாள் வரிசையாக, பள்ளி மணி அடித்த பிறகுதான் வேன் போய்ச் சேர்ந்தது. தலைமை ஆசிரியை கூப்பிட்டு, “மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற வேன்தான்” என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த நாத்தனார் ‘வந்துட்டேன்’ என்ற இந்த ஆப்பைச் செய்து கொடுத்தாள். தெருமுனையில் வேன் அக்கா பட்டனை அமுக்கினால், பெற்றோர் போனெல்லாம் அவள் குரலிலேயே “வந்துட்டேன், கிளம்பு!” என்று கத்தும். அவ்வளவுதான்.

ஆனால் பெற்றோரில் பாதிப் பேரிடம் ஒரு வகை போன், மீதிப் பேரிடம் இன்னொரு வகை. முதல் வகையில், போன் கம்பெனி நடத்தும் கடையிலிருந்துதான் ஆப் எடுக்கலாம். ஒவ்வொன்றையும் ஒரு அதிகாரி சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். இரண்டாவது வகையில் யாரும் எதையும் கொண்டுவந்து கொட்டலாம். முதலாவதற்குப் பூட்டுக்கடை என்றும், மற்றதற்குச் சந்தைக்கடை என்றும் நாத்தனார் பெயர் வைத்திருந்தாள்.

“இன்னொரு பட்டன் வச்சிடலாம் அண்ணி. ‘வரமாட்டேன்’னு.”

“நான் என்னைக்குடி வராம இருந்தேன்?”

“சும்மா பேருக்கு.”

பேருக்கு வைத்தார்கள். ஆப்பில் குழந்தைப் படம் இருப்பதால் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று பதில் வந்தது.

“பெத்தவங்கதானேடி வச்சுக்கப் போறாங்க!”

குழந்தையை எடுத்துவிட்டு வேன் படத்தைப் போட்டார்கள். வாகனம் என்றால் ஓட்டுநர் உரிமம் எங்கே என்றது பூட்டுக்கடை. உரிமத்தை அனுப்பினார்கள். அதில் ஒரு தனிநபரின் படம் அவர் அனுமதியின்றி இடம்பெற்றுள்ளது என்று பூட்டுக்கடை திருப்பி அனுப்பியது.

“அது நாந்தாண்டா!” என்று வேன் அக்கா போனைப் பார்த்துக் கத்தினாள்.

இப்படியே எட்டுத் தடவை. கடுப்பில் நாத்தனார் சந்தைக்கடைக்கு அனுப்பினாள். நாலே நிமிஷம்.

“அண்ணி, ஏத்துக்கிட்டாங்க!”

“யாரு பாத்தாங்க?”

“யாரும் பாக்கல.”

“இதுவல்லவா கடை!” என்று வேன் அக்கா துள்ளினாள். துள்ளல் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் தேடிப் பார்த்தால், ‘வந்துட்டேன் பிளஸ்’, ‘வந்துட்டேன் ஒரிஜினல்’, ‘வந்துட்டேன் தங்கம்’ என்று பன்னிரண்டு ஆப்கள் வரிசைகட்டி நின்றன.

“இதுல நம்மது எதுடி?”

“ஒரிஜினல்னு போடாதது.”

பெற்றோர்கள் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவை நினைத்த நேரத்துக்கெல்லாம் “வந்துட்டேன்” என்று கூவிவிட்டு மெத்தை விளம்பரம் காட்டின. ஐந்தரை மணிக்கு ஒரு அம்மா வாயில் பிரஷ்ஷோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். ஒரு அப்பா அரை மணி நேரம் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நின்றார். உண்மையிலேயே வேன் வந்தபோது, புலி வருது கதையாக, ஒருவரும் நம்பவில்லை.

“எங்க போன்ல இந்தக் குப்பையெல்லாம் வராது” என்று பெருமையடித்தாள் பூட்டுக்கடை போன் வைத்திருந்த ஒரு அம்மா.

“உங்க போன்ல வேன் அக்காவே வரமாட்டாங்களே!” என்றாள் பிரஷ் அம்மா.

ஆப் பெயரை ‘வேன் அக்கா அசல்’ என்று மாற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் ‘வேன் அக்கா அசலோ அசல்’ வந்துவிட்டது. அடையாளத்துக்கு அவள் முகத்தைப் போட்டார்கள். மறுநாள் அதே முகம் மெத்தையில் சாய்ந்து சிரித்தது.

அதைப் பார்த்ததும் வேன் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஒருத்தன் வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள விடமாட்டேங்கறான். இன்னொருத்தன் வாசலே வைக்காம விட்டிருக்கான். ரெண்டு பேருக்கும் நான் பயந்தவ இல்ல. பூட்டுக்கடைக்கு முதல்ல அனுப்பினோமே, அதே ஒத்தப் பட்டனை அனுப்பு.”

“மறுபடியும் தள்ளிடுவாங்க அண்ணி.”

“தள்ளட்டும். அவன் கை வலிக்கிற வரைக்கும் அனுப்பு. என் வேன் வந்துடுச்சுன்னு நான் சொல்றதுக்கு எவன் கிட்டடி அனுமதி வாங்கணும்?”

ஒன்பதாவது தடவையும் வந்தது, “செல்லாது.” அவள் ஒன்பது கடிதங்களையும் அச்செடுத்து வேனின் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டினாள். மேலே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: ‘இந்த வேன் வந்தால் செல்லாதாம்!’

மாதக் கடைசி நாள். பழக்க தோஷத்தில் தெருமுனையில் பட்டனை அமுக்கினாள். பிறகு போனைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கி, வீட்டுக்கு வீடு இரும்பு கேட்டைக் கையால் தடதடவென்று தட்டினாள். ஒருவர் ஜன்னலைத் திறந்து, “என்னம்மா சத்தம்?” என்றார்.

“ஹாரன்தானே சார் அடிக்கக்கூடாது? கேட்டைத் தட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுங்க, அதையும் பாக்கறேன்!”

ஜன்னல் மூடிக்கொண்டது. பிள்ளைகள் விழுந்தடித்து ஓடிவந்து ஏறினார்கள். மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. வேன் அக்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசி வீட்டில் கையை ஓங்குவதற்குள் கேட் திறந்தது. இரண்டு ஷூவும் முழுப் பின்னலுமாக ஒரு சிறுமி. கூடவே அவள் அப்பா. வீட்டிலிருந்தே ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மனிதர், அதிகம் பேசாதவர்.

“தட்டாமலே வந்தது உங்க வீடு ஒண்ணுதான் சார். எந்த ஆப் வச்சிருக்கீங்க?”

அவர் கையில் இருந்தது பூட்டுக்கடை போன். “ஒண்ணுமில்ல... சும்மா...” என்றவரின் கண் வேன் மேல் ஒட்டியிருந்த காகிதங்களுக்குப் போனது. முதல் கடிதம், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா சார் அநியாயத்தை? எவனோ ஒரு மனசாட்சி இல்லாதவன், போட்டுக்கூடப் பாக்காம தள்ளிவிட்டிருக்கான்!”

“பாப்பா, ஏறும்மா, நேரமாச்சு” என்று அவர் அவசரப்படுத்தினார்.

சிறுமி ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“இல்ல வேன் அக்கா, ‘செல்லாது’ன்னு அனுப்பறதுக்கு முன்னாடி எங்கப்பா ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பறாரு, அதான் எங்க வீட்டுல மட்டும் தினமும் நீங்க ‘கிளம்பு’ன்னு கத்தறது கேக்குதே!”