தலைகீழ் அந்தோணியார் நிமிர்ந்த விவரம்

அட்லிஸ்கோ,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய லியோகாதியா சித்திக்கு,

ஹசிந்தா பணிவோடு எழுதுவது. நானும் அம்மாவும் ஐந்து கோழிகளும் நலம். தலைநகரில் உங்கள் வேலையும் முழங்காலும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

சித்தி, முதலில் என் கண்ணில் பட்டது இரண்டு உள்ளங்கால்கள். சாக்லேட் கடையும் ஜாடியின் துணியை அவிழ்த்தபோது, மத்து இருக்க வேண்டிய இடத்தில் அவை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதுவும் பள்ளிக்கூடத்தில், முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால்.

நம் வீடுகளில் எப்படி வாழ்கிறோம் என்பதைச் சாமான்களைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று அம்பாரோ டீச்சர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு மாவு மில்லில் வேலை. "நீ போடி. ஆறாவதோட நின்னா என்ன, செருப்பு எதுக்குன்னு தெரியாதா ஒனக்கு?" என்று நீங்கள் இங்கே விட்டுப்போன அலமாரியில் இருந்ததையெல்லாம் தன் செருப்போடு சேர்த்துக் கூடையில் அள்ளிக் கொடுத்துவிட்டாள். எனக்கோ தபால்காரரிடம் பேசவே வாய் வராது. நல்லவேளை, வாய் தேவைப்படவில்லை. அம்மாவின் ரப்பர் செருப்பை உயர்த்தினேன். முப்பத்திரண்டு பேரும் மேசைக்கு அடியில் போய்விட்டார்கள். ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தேன். "பீன்ஸ்தான் இருக்கும்" என்று சோகமாகச் சொன்னார்கள். அப்போது பள்ளி ஆய்வாளர் அன்செல்மோ ஐயா உள்ளே வந்தார். ஐம்பது வயது, மனைவியை இழந்தவர், கோணலாக எதைக் கண்டாலும் நேராக்கிவிடும் கை. தேசப்படத்தை நேராக்கினார், ஒரு பையனின் காலரை நேராக்கினார், பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தார். நம் நாட்டில் எந்த பிஸ்கட் டின்னில் பிஸ்கட் இருந்திருக்கிறது? ஆனாலும் எல்லோரும் ஆசையாகத்தான் திறக்கிறோம். நூல்கண்டு, பொத்தான், நடுவே ஒரு குட்டிக் குழந்தை இயேசு பொம்மை. பதற்றத்தில் நான் ஜாடியின் துணியை அவிழ்த்தது அப்போதுதான். நம் ஊர்ப் பெண்களின் வேண்டுதல்படி, மாப்பிள்ளை கொண்டுவரும்வரை அந்தோணியார் சிலையைத் தலைகீழாக நிறுத்தி, அவர் கையிலிருக்கும் குழந்தை இயேசுவையும் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஈஸ்டருக்கு "கல்யாணமா? எனக்கா? போங்கடி!" என்றவர் நீங்கள்! மூடுவதற்குள் ஐயாவின் கை போய்விட்டது. அந்தோணியாரை நிமிர்த்தினார், குழந்தையை அவர் கையில் வைத்தார்.

"ஐயோ சார், மாப்பிள்ளை கெடைச்சாத்தான் நிமித்தணும்!" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"அப்ப மாப்பிள்ளை யாருடி?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

"யாரு நிமித்துனாங்களோ அவங்கதான்!" என்று மொத்த வகுப்பும் கூவியது.

நான் கத்திவிட்டேன், சித்தி. "வேணாம் சார்! லியோகாதியா சித்திக்கு இன்னும் யாருமே கெடைக்கல!"

அந்தச் சத்தத்தில் தெருவில் தமாலே கொழுக்கட்டை விற்பவர் வண்டியை நிறுத்திவிட்டாராம். அன்செல்மோ ஐயா தக்காளி மாதிரி சிவந்து, டின் மூடியை அக்குளில் இடுக்கியபடியே வெளியே போய்விட்டார்.

உங்கள் ரகசியத்தை ஊருக்குச் சொன்ன பாவியை மன்னியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தோணியாரை மறுபடி தலைகீழாக ஜாடியில் இறக்கி, குழந்தையை டின்னில் போட்டு, தட்டு வைத்து மூடிவிட்டேன். உங்கள் வேண்டுதலுக்கு ஒரு குறையும் வராது. குவாதலூப்பே மாதா உங்கள் முழங்காலைக் காப்பாளாக.

கீழ்ப்படிதலுள்ள,
ஹசிந்தா

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் அன்செல்மோ ஐயா. இஸ்திரி போட்ட சட்டை. மூடியைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம்; அதைத் தட்டு மாதிரி ஏந்தியிருந்தார், அதன்மேல் நிஜ பிஸ்கட். "ஒங்க சித்தி எப்பம்மா ஊருக்கு வர்றாங்க? சும்மாதான் கேட்டேன்" என்றார். "ஞாயித்துக்கெழமை" என்றேன், சத்தமாகவே. அவர் தெரு திரும்பியதும் உள்ளே போய் அந்தோணியாரை நிமிர்த்தி, குழந்தையைக் கையில் கொடுத்தேன்.