பஷீர் பாய் காதுக்கு ஒரு கம்ப்ரஸர்

பெங்களூர் பிரேசர் டவுனில் அதிகம் பேரின் இடுப்பை ஆட்டிவைத்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், பூகம்பமே வந்து கலந்துகொண்டாலும் ஒன் டூ மாஸ்டர்தான் ஜெயிப்பார். தனியார் பள்ளி ஒன்றில் பி.டி. மாஸ்டர். அவருடைய நிஜப் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரர்கூட "ஒன் டூ சார்" என்றுதான் கீழிருந்து கூப்பிடுவார். மாடிப்படி ஏறினால் ஒன் டூ, தோசையைத் திருப்பினால் ஒன் டூ. நான் வேலூரிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து அவர் வீட்டு மாடியில் குடியேறிய அன்று, என் சாமான்களைப் பார்க்காமல் தொப்பையை மட்டும் பார்த்துவிட்டு, "நாளைக்கு காலைல ஹாலுக்கு வந்துருப்பா" என்றார். மறுப்பதற்கு இடமே வைக்கவில்லை. போய்விட்டேன்.

தெருமுனைச் சங்கக் கட்டடத்தின் மாடி ஹாலில், வயதானவர்களுக்கு அவர் நடத்திய இலவச உடற்பயிற்சி வகுப்பு அது. என் தொப்பையின் சிபாரிசில் எனக்கு வயது விலக்கு. ஆரம்பத்தில் பாட்டுப் போட்டுத்தான் ஆட்டிவைத்தார். அங்கேதான் வம்பு வந்தது. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ரோஸி ஆன்ட்டிக்குப் பழைய இங்கிலீஷ் பாட்டு வேண்டும். லேத் பட்டறை வைத்திருந்த பஷீர் பாய்க்குப் பழைய இந்திப் பாட்டு வேண்டும். கன்னடப் பாட்டு கேட்ட ஒரு கோஷ்டி பின் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. தமிழர்களோ எந்தத் தமிழ்ப் பாட்டு என்று தங்களுக்குள்ளேயே பிரிந்துகிடந்தார்கள்.

மாஸ்டர் ஒரு வாரம் யோசித்துவிட்டு டிரம் மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். சாப்பாட்டு கேரியரைப் படுக்கவைத்த மாதிரி ஒரு பெட்டி, மேலே வரிசையாகப் பட்டன்கள். "மத்தளத்துக்கு பாஷை கிடையாது, ஸ்வாமி" என்று பின் வரிசையிடம் சொல்லிவிட்டுத் தட்டினார். டும் என்றால் காலை இறக்க வேண்டும். டக் என்றால் கை தட்ட வேண்டும். இடையிடையே டிஸ் டிஸ் என்று வந்தால் தோளைக் குலுக்க வேண்டும். பெங்களூரின் மொழிப் பிரச்சினை அந்த ஹாலில் மட்டும் அன்றே தீர்ந்தது.

தீராதது பஷீர் பாயின் காது. லேத் இரைச்சலிலேயே காலம் கழித்ததில் காது மந்தமாகிவிட்டது அவருக்கு. டும் கேட்கும், டிஸ் கேட்காது. பக்கத்தில் இருப்பவர் தோளைப் பார்த்துத் தன் தோளைக் குலுக்குவார். அதனால் எப்போதும் அரைத் தாளம் பின்தங்கி, ரோஸி ஆன்ட்டி மேல் முட்டிக்கொள்வார். டிஸ் கேட்கட்டும் என்று மாஸ்டர் சத்தத்தைக் கூட்டினால், டும் போய் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியை உலுக்கியது. எதிர்வீட்டுக்காரர் புகார் செய்தார். இன்னொரு புகார் வந்தால் ஹாலைப் பூட்டிவிடுவேன் என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். சரி, டும்மை மட்டும் குறைப்போம் என்று மாஸ்டர் மெஷினில் குறைத்துப் பார்த்தார். எல்லோரும் தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர்கள் மாதிரி பூனைநடை நடந்தார்கள். அதற்குப் பெயர் உடற்பயிற்சி இல்லை.

ஒரு நாள் பாய் முட்டியதில் ரோஸி ஆன்ட்டியின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. ஆன்ட்டி சிரித்துக்கொண்டேதான் பொறுக்கினார். ஆனால் பஷீர் பாய் மறுநாளிலிருந்து வரவில்லை. மாஸ்டர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டபோது, "என்னால எல்லாருக்கும் தொந்தரவு மாஸ்டர், விடுங்க" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்று படியேறும்போது மாஸ்டர் ஒன் டூ சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

நாலு நாள் கழித்து, கம்ப்ரஸர் வாங்க வேண்டும் என்று அறிவித்தார். ரோஸி ஆன்ட்டி தனக்குத் தெரிந்த பிரிட்ஜ் மெக்கானிக்கின் நம்பரை உடனே அனுப்பிவைத்தார். இது வேறு என்று மாஸ்டர் என்னிடம் விளக்கினார்: "உங்க ஆபீஸ் மீட்டிங்ல ஒருத்தன் கத்திக்கிட்டே இருப்பான், ஒருத்தன் வாயே தெறக்க மாட்டான். கத்துறவன அமுக்கிட்டு மொத்த சத்தத்தையும் தூக்கினா, பேசாதவனும் கேப்பான். அவ்வளோதான்." லேப்டாப்பில் இலவசமாகவே செய்யலாமே என்றேன். பாதி வகுப்பில் அது அப்டேட் கேட்டு நின்றால் தூக்கிய காலை யார் இறக்குவது என்று கேட்டார். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அப்புறம் ஞாயிறுதோறும் வேட்டை. டிரம் மெஷின் மடியில், நான் மாஸ்டர் ஸ்கூட்டரின் பின் சீட்டில். ஒரு கடையில் ஸ்டூடியோக்காரர்கள் வாங்குகிற ஒன்றைக் காட்டினார்கள். கேட்க அமிர்தமாக இருந்தது. விலையோ எங்களை ஏற்றிவந்த ஸ்கூட்டரைவிட அதிகம். மாஸ்டர் அதைத் தொட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒக்கலிபுரத்தில் ஒருவர் பழையது வைத்திருக்கிறார் என்று போனோம். ரயில் பாதையை ஒட்டிய வீடு. மாஸ்டர் குமிழைத் திருகும்போதெல்லாம் ஒரு ரயில் போனது. ஒரு மணி நேரம் திருகிவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு போல, ரயில்தான் சரியா கேக்குது" என்று எழுந்துவிட்டார்.

கடைசியாக எஸ்.பி. ரோட்டில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடை. அங்கே காதை நம்பி வாங்கப் போவதில்லை, உடம்பை நம்பித்தான் வாங்கப் போகிறேன் என்று ரோஸி ஆன்ட்டியையும் கூட்டிவந்தார். ஸ்பீக்கர் தூக்க ஆள் இல்லை என்று பொய் சொல்லிப் பஷீர் பாயையும் இழுத்துவந்தார். நான்தான் ஸ்பீக்கரைத் தூக்கினேன். மூவரையும் நடைபாதையில் வரிசையாக நிறுத்திவிட்டு, "ஸ்டார்ட்" என்றார். கடைக்காரர் கல்லாவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலில் கிடார்காரர்கள் காலால் மிதிக்கிற குட்டி டப்பா. விலை மலிவு. ஆனால் டும் வந்த வேகத்திலேயே அதன் கழுத்தைப் பிடித்தது. "கால் எறங்க மாட்டேங்குது மாஸ்டர்" என்று ரோஸி ஆன்ட்டி பாதியில் நின்றார். அடுத்தது, ஓரம் அடிபட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்டி. எவ்வளவு அமுக்குவது, எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று தனித்தனிக் குமிழ்கள். மாஸ்டர் அதில் ஓடிய மீட்டர் முள்ளைப் பார்க்கவே இல்லை. பஷீர் பாயின் தோளையே பார்த்தார். டும் முழுசாக விழுந்த பிறகு பிடிக்கிற மாதிரி ஒரு குமிழைத் திருகினார். அடுத்த அடி வருவதற்குள் விடுகிற மாதிரி இன்னொன்று. ரோஸி ஆன்ட்டியின் கால் இறங்கியது. ரோட்டில் ஆட்டோக்கள் நின்றுவிட்டன. ஒரு தள்ளுவண்டிக்காரர் எங்களோடு கை தட்டினார்.

பஷீர் பாய் யாரையும் பார்க்காமல் தோளைக் குலுக்கினார். சரியாக டிஸ்ஸில்.

குலுக்கிவிட்டு அப்படியே நின்றார். "மாஸ்டர், நடுவுல சின்னதா ஒண்ணு ஊசி மாதிரி குத்துதே. அது புதுசா போட்டதா?"

"இல்ல பாய். மொதல்லேருந்தே இருக்கு" என்றார் மாஸ்டர்.

சொல்லிவிட்டுக் கடைக்குள் திரும்பி நின்றுகொண்டார். கொத்தமல்லிக் கட்டுக்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர், கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டார். அப்புறம் ரோஸி ஆன்ட்டி உள்ளே புகுந்து, தமிழிலும் கன்னடத்திலும் வாதாடி, ஒயரையாவது சும்மா வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

எதிர்வீட்டுக் கண்ணாடி அதற்குப் பிறகு அதிரவில்லை. செயலாளர் பூட்டோடு காத்திருந்து அலுத்துப்போனார். பஷீர் பாய் மறுநாளே முன் வரிசையில் வந்து நின்றார். இப்போது உற்சாகத்தில் அரைத் தாளம் முந்திப் போகிறார் என்பது வேறு விஷயம். அதற்கு ஏதாவது பெட்டி விற்கிறதா என்று மாஸ்டர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் வீடு வாங்கி ஆனேக்கல் பக்கம் வந்துவிட்டேன். எங்கள் அபார்ட்மெண்டில் சுவரெல்லாம் கண்ணாடி பதித்த ஜிம் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி மாறி ஊரைக் கடந்து பிரேசர் டவுன் போகிறேன். வாரத்துக்கு ஒரு நாள் உடற்பயிற்சி செய்து பிரயோஜனமே இல்லை என்கிறார் டாக்டர். அவரிடம் எப்படிச் சொல்வது, நான் உடற்பயிற்சிக்காகப் போகவில்லை என்று.