நாக்கில் பதிந்த பல் யாருடையது?

டயர் கடை மாடியில் காலை ஆறு மணிக்கே வரிசை. படித்தவர், படிக்காதவர், படித்ததை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர், எல்லோரும் நாக்கைச் சுத்தமாக வழித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நாக்கு மகான். நாக்கைப் பார்த்தே நம் எதிரி யாரென்று சொல்லிவிடுவாராம்!

தையல்காரிக்கு ஆறு மாதமாக நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. வாய் வறட்சி, ஈறில் ரத்தம், ஓயாத அசதி. ஊசியில் நூல் கோப்பதற்குள் கண் சொக்கியது. முதல் தடவை வந்தபோது, டோக்கன் கொடுத்த அம்மாள் அன்பொழுக விசாரித்தாள்.

"வீட்டுல யாரோடயாவது மனஸ்தாபமாம்மா?"

"நாத்தனாரோட கொஞ்சம்..."

பத்து நிமிடம் கழித்து மகான் அவள் நாக்கோரத்துப் பள்ளங்களைப் பார்த்தார். "பல் தடம்! உன் நாத்தனார் பொறாமையில் கனவில் வந்து கடிக்கிறாள்" என்று அருளினார். என்ன ஞானம்!

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் நாத்தனாரோடு பேச்சில்லை. மகான் கொடுத்த மந்திரத் தண்ணீரைக் கொப்பளித்துக் கொப்பளித்து நாக்கு இன்னும் தடித்ததுதான் மிச்சம்.

நாத்தனார் பல் டாக்டரிடம் உதவியாளர். விஷயம் காதுக்கு எட்டியும் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். "வாங்க அண்ணி, என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்" என்று மாடிக்கே இழுத்து வந்துவிட்டாள்.

மகான் அசரவில்லை. "கடித்தவளே வந்துவிட்டாள்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. நாத்தனாரும் பிளந்தாள், பல்லைக் காட்ட.

"பாருங்க, கீழ்வரிசையில எனக்கு ஒண்ணுகூட விழல. இப்ப அண்ணி நாக்கைப் பாருங்க. இடது பக்கம் ஒரு இடத்துல மட்டும் பள்ளமில்ல, புடைச்சிருக்கு. வாயை நல்லாத் திறங்க அண்ணி."

முன்னால் நின்ற பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அட, அந்த இடத்துல இந்தம்மாவுக்குப் பல்லே இல்லையே!"

நாத்தனார் நீட்டிய கண்ணாடியில் தையல்காரி பார்த்தாள். பல் இருக்கும் இடமெல்லாம் பள்ளம். போன வருடம் பிடுங்கிய கடைவாய்ப்பல்லின் இடத்தில் மட்டும் மேடு. தடித்த நாக்கு நாளெல்லாம் அவள் பல்லிலேயே அழுந்திக்கொண்டு இருந்திருக்கிறது. கடித்தவள் அவளேதான்!

"அவள் சாபம்... தடத்தை உன் பல் தடமாக மாற்றிக் காட்டும்" என்று முனகினார் மகான்.

"அப்ப அது நாத்தனார் பல்லுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" குழறிக் குழறிக் கேட்டாள் தையல்காரி.

மகானின் பார்வை டோக்கன் அம்மாளிடம் போனது. அவளோ அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

"என்னையும் அந்த டோக்கன் அம்மாதான் முதல்ல விசாரிச்சா!" என்றது ஒரு குரல். அப்புறம் பத்துக் குரல். பின்வாசல் எங்கே என்பதுதான் மகான் அன்று சரியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம்.

பல் டாக்டரம்மா நாக்கைப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் சோம்பிக் கிடந்தது. தினம் ஒரு மாத்திரை. சில மாதங்களில் நாக்கு இளைத்துப் பேச்சு தெளிந்தது.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றாள் தையல்காரி நாத்தனாரிடம்.

"அதை விடுங்க அண்ணி. ஒழுங்கா ரெண்டு வேளை பல்லு தேய்ங்க."

அந்த மாடியில், நீட்டு என்றதும் நீண்ட நாக்குகள் நூற்றுக்கணக்கில். 'எப்படித் தெரியும்?' என்று கேட்க அசைந்தது ஒன்றே ஒன்று, அதுவும் நோய் கண்ட நாக்கு. நம்முடையதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வைத்திருக்கிறோமாம்?