ரெண்டு பேர் படுக்கிற வண்டி

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் என்று ஒரு காலையில் முடிவெடுத்தேன். பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தால் மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று முடிவை நாற்காலியிடம் அறிவித்தேன். எதிர்ப்பே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவன். பள்ளிக்கூடப் படிப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது. ஆனால் ஊரில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். டாக்டரைத் திட்டியிருக்கிறேன். நீதிபதியைத் திட்டியிருக்கிறேன். "கிளட்ச்சை மெதுவா விடுய்யா" என்று ஒரு போலீஸ் அதிகாரியையே அதட்டியிருக்கிறேன். என் மனைவியும் என்னிடம் வண்டி பழக வந்தவள்தான். லைசென்ஸ் வாங்கினாள். அடுத்து என்னையும் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அதான் நான் இருக்கிறேனே, அவளுக்கு எதற்கு?

பயிற்சி கொடுக்கிற காரில் எங்கள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புப் பண்ணினால் நாங்கள் மிதித்து நிறுத்துவோம். மிதித்து மிதித்து என் வலது காலுக்கு அதுவே புத்தியாகிப் போனது. சோபாவில் சும்மா உட்கார்ந்திருப்பேன். "ஏங்க, நாளைக்கு அக்கா வர்றா" என்பாள் மனைவி. என் கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும். எதுவும் நிற்காது.

அக்கா என்றால் அவளுடைய அக்கா. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரி அவரை விட்டுவிட்டது, அவர்தான் ஆஸ்பத்திரியை விடவில்லை. அடுத்த தெருவில் தனியாகக் குடியிருக்கிறார். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி இல்லாமல் எங்கள் வீட்டுப் படி ஏற மாட்டார். வாய்க்கு அண்ணி என்று கூப்பிடுவேன். மனசுக்குள் மேட்ரன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மாப்பிள்ளை, கையை நீட்டுங்க" என்பார். மற்றவர்கள் சவுக்கியமா என்று கேட்பார்களே, அந்த இடத்தில் இது. அளந்து முடித்ததும், உடம்புக்கு ஆகாது என்று, நான் ஒளித்து வைத்த சாக்லேட்டை நேராகப் போய் எடுப்பார். அரிசி டப்பாவுக்குள் வைத்தேன், எடுத்தார். பழைய ஹெல்மெட்டுக்குள் வைத்தேன், எடுத்தார். என் தலையணை உறைக்குள் வைத்தேன். "தலை சூடு பட்டு உருகியிருக்கு, பாருங்க" என்று எனக்கே காட்டினார்.

பயிற்சிப் பள்ளியை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது. கேரவன் வாங்க வேண்டும். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கிற சொகுசு வண்டி. நானும் அவளும் மட்டும் ஊர் ஊராகப் போக வேண்டும். மேட்ரன் இல்லாத மலை. மேட்ரன் இல்லாத கடற்கரை. பட்டப்பகலில், ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல் ஒரு முழு சாக்லேட். மனுசனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அக்காவை விட்டுவிட்டு மனைவி கிளம்ப மாட்டாள். "நீங்க வராதீங்க அண்ணி" என்று நேரில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வண்டியே சொல்லட்டும். ரெண்டே பேர் படுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கிவிட்டால் யார் மேலும் பழி கிடையாது. பல் விளக்கும்போது உதித்த யோசனை இதுதான்.

விற்பனைக் கூடத்தில் டை கட்டிய ஒருத்தர் எங்களை வரவேற்றார். நேராக ஒரு பெரிய வண்டிக்குள் ஏற்றினார்.

"சார், இது குடும்பத்துக்குன்னே செஞ்சது. பின்னாடி பெரிய கட்டில். சாப்பாட்டு மேஜையை இறக்கினா அது ஒரு கட்டில். இப்ப மேல பாருங்க" என்று ஒரு பொத்தானை அமுக்கினார். டிரைவர் சீட்டுக்கு மேலே கூரையிலிருந்து ஒரு கட்டில் மெல்ல மெல்ல இறங்கியது. எனக்கு அதில் மேட்ரன் கருவியோடு உட்கார்ந்து இறங்கி வருகிற மாதிரியே இருந்தது. என் கால் தரையை அழுத்தியது. கட்டில் நிற்கவில்லை.

"மேல ஏத்துங்க! மேல ஏத்துங்க!"

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு" என்றாள் மனைவி.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஓடும்போது தலையில விழுந்தா?"

"ஓடும்போது பூட்டிக்கும் சார்."

"பூட்டு விட்டுப்போச்சுன்னா?"

"விடாது சார்."

"தம்பி, நீங்க எத்தனை வண்டி ஓட்டியிருக்கீங்க?"

"நான் விக்கிறது மட்டுந்தான் சார்."

"அப்ப கேளுங்க. கட்டில் கூடினா ஆள் கூடும். ஆள் கூடினா எடை கூடும். எடை கூடினா வளைவுல திரும்பாது, இறக்கத்துல பிரேக் பிடிக்காது. மூணாவது ஆள் ஏறினா இந்த மாதிரி வண்டிக்கு ஆபத்து. ரெண்டு பேர்தான் கணக்கு."

விற்பனைக்காரர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வண்டி விஷயம் எனக்கென்ன தெரியும்?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த வண்டி சின்னது, கச்சிதமானது. ரெண்டு பேருக்கான பெரிய கட்டில் ஒன்று. அதுதான் என்று கையைக் காட்டினேன்.

"இது வேணாங்க" என்றாள். "தனித்தனியா ரெண்டு கட்டில் இருக்கிறதாப் பாருங்க. நீங்க தூக்கத்துல கியர் மாத்துறீங்க. என் முழங்கைதான் உங்களுக்குக் கியர்."

விற்பனைக்காரர் திரும்பி நின்று இருமினார். தனித்தனிக் கட்டில் வண்டியைக் காட்டினார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் ஆள் நடக்க வழி. மனைவி ரெண்டிலும் படுத்துப் பார்த்தாள். அடுப்புப் பக்கம் நின்று இல்லாத தோசைக்கரண்டியால் எதையோ புரட்டிப் பார்த்தாள். கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தாள்.

"உயரம் பத்தலைங்க. முட்டிக்குக் கஷ்டம்."

"உன் முட்டிக்கு என்ன வந்துச்சு?"

"இன்னிக்கு ஒண்ணும் வரலை. வந்தா? அப்படியே படிக்கட்டுல ஒரு கைப்பிடி வச்சுத் தரச் சொல்லுங்க. நடுவுல கட்டைப்பை ரெண்டு வச்சுக்கலாமா?"

"கூடவே கூடாது. நடக்கிற வழியில ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. சடன் பிரேக் போட்டா அது பறந்து வரும்."

"சரிங்க."

எல்லாத்துக்கும் சரி! நான் அந்த நேரத்தில் இன்னொரு நல்ல காரியம் பார்த்தேன். முன்சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை இருந்தது. மூடி இருப்பதே தெரியாது. ஒரு சாக்லேட் டப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சும்மாத்தாங்க. எவ்வளவு உயரமா இருக்குன்னு பாக்கலாம்னு."

அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அது ஒரு வியாதி. "சீட்டை முன்னாடி தள்ளு. கண்ணாடியைச் சரி பண்ணு. இது பெரிய வண்டி, பின்பக்கம் வெளிய வீசும். திரும்பும்போது காரைவிட லேட்டாத் திருப்பணும்" என்று ஆரம்பித்தேன். மின்விளக்கை அணைத்துக் கடையைப் பூட்டப் போகிறோம் என்று விற்பனைக்காரர் வந்து சொல்கிறவரை நிறுத்தவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்ததும் அவளே கேட்டாள். "ஏங்க, வழியில உங்களுக்கு மயக்கம் கியக்கம் வந்தா யாருங்க ஓரம் கட்டுறது?"

"எனக்கு ஏன் மயக்கம் வருது?"

"அக்கா அளந்து பார்த்ததைச் சொல்லட்டுமா?"

"வேணாம். வண்டியில ஏறு."

ஊருக்கு வெளியே காலி மைதானத்தில் தினமும் பழக்கினேன். முதல் நாள் தடுமாறினாள். நான் அதட்டினேன். "நீங்க சொல்லிக்குடுக்கிற அழகே தனிங்க" என்றாள். விடுவேனா? ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, எதிர்க்காற்றில் ஸ்டியரிங்கை நேராகப் பிடிப்பது, சந்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது, தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, கழிவுத் தொட்டி திறப்பது என்று என் சரக்கு எல்லாவற்றையும் இறக்கிவைத்தேன். கடைசி நாளில் என் காலுக்கு வேலையே இல்லை.

மேட்ரனிடமும் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். "மனசு கேக்கல அண்ணி. என்ன பண்றது, ரெண்டே கட்டில்தான்."

"அதனால என்ன மாப்பிள்ளை? போறவங்க நிம்மதியாப் போகணும். கையை நீட்டுங்க."

தங்கமான மனுசி என்று அன்றைக்கு நினைத்தேன்.

கிளம்புகிற நாள். குளித்து, புதுச் சட்டை போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பையோடு வாசலுக்கு வந்தேன். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் மனைவி. சூடேற்றி வைக்கிறாள் போல என்று நினைத்தேன். பக்கத்து சீட்டில் மேட்ரன். வழியனுப்ப வந்தவர் உட்கார்ந்து பார்க்கிறார் போல என்று நினைத்தேன். ரெண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தார்கள். அதற்குமேல் எதையும் நினைக்க முடியவில்லை.

"என்னம்மா இது?"

"நானும் அக்காவும் கிளம்புறோங்க. தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்துங்க."

"அப்ப நான்?"

"உங்களுக்கு எங்கேங்க இடம்? ரெண்டு கட்டில்தானே?"

"அது நமக்குன்னு..."

"மூணாவது ஆள் ஏறினா வளைவுல திரும்பாது, இறக்கத்துல பிரேக் பிடிக்காது. நீங்கதானே சொன்னீங்க?"

"நான் நடுவுல கீழ படுத்துக்கிறேன்!"

"வழியில ஒரு துரும்பு கிடக்கக் கூடாதுன்னீங்களே."

மேட்ரன் தன் பக்கக் கதவைத் திறந்துவைத்து, படிக்கட்டில் புதிதாக வைத்த கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் முட்டியில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தேன். கைப்பிடியும் கழிப்பறை உயரமும் யாருக்காகக் கேட்டது என்று புரிந்தது.

"உன்கிட்ட லைசென்ஸ் எங்க இருக்கு?" என்றேன். கடைசி அஸ்திரம்.

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். இத்தனை காலமும் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"கோவப்படாதீங்க" என்றாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "நான் வண்டி ஓட்டி அக்காவைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதா சின்னப் பிள்ளையிலயே பேசி வச்சதுங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட பழகவே வந்தேன். நடுவுல கல்யாணம் குறுக்க வந்திருச்சு. அடுத்த நடைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பக்கத்துல வாய மூடிட்டு உக்காந்து வரணும், அவ்வளவுதான்."

என் வியாதி சொன்னது: "கண்ணாடி பாத்தியா?"

"பாத்தாச்சு."

"ஹேண்ட் பிரேக்?"

"எடுத்தாச்சு."

குறுகலான கேட் வழியாக ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்தாள். இவ்வளவு சுத்தமாக என்னிடம் பழகின எவரும் எடுத்ததில்லை. பெருமையில் கை தட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அது போவது என்னை விட்டுவிட்டு என்பது உறைத்தது. வலது கால் வாசல் தரையை அழுத்து அழுத்து என்று அழுத்தியது. தெருமுனையில் வண்டி ஒழுங்காகச் சிக்னல் போட்டுத் திரும்பியது.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். நிதானமாக யோசித்தால் எனக்கு என்ன நஷ்டம்? மேட்ரன் இல்லாத மலை இல்லாவிட்டால் போகிறது, மேட்ரன் இல்லாத வீடு இருக்கிறதே. இன்றைக்கு ஒரு முழு சாக்லேட். எழுந்தேன். டப்பாவை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்ப உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. வீடியோவில் மேட்ரன். பின்னால் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"மாப்பிள்ளை, உங்க டப்பா கிடைச்சுது. நல்லாத்தான் இருக்கு" என்றார், மென்றுகொண்டே. "கருவியை உங்க மேஜை மேலதான் வச்சிட்டு வந்திருக்கேன். ம், கையை நீட்டுங்க."